நட்டின் மேல் நீலக் கோடு

காலையில் பல் துலக்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். இனி என் பட்டறைக்குள் என் மனைவியின் யோசனை நுழையக் கூடாது. அவள் என்ன சொன்னாலும் நேரெதிராகத்தான் செய்வேன். வீடு முழுக்க அவள் ராஜ்யம். பின்பக்க ஷெட் ஒன்றாவது எனக்கு வேண்டாமா, சொல்லுங்கள்!

அச்சகக்காரர் தன் பழைய மெஷினுக்கு ஒன்று, உபரிக்கு ஒன்று என இரண்டு போல்ட்டுகளை, முனையில் துளை போடக் கொடுத்திருந்தார். வேறெங்கும் கிடைக்காத போல்ட். உடம்பெல்லாம் திருகு மரை. முதலாவதை அப்படியே மேஜையின் இரும்புப் பிடியான வைஸில் வைத்து இறுக்கினேன். வைஸின் பல் பதிந்து மரை நசுங்கியது. "வெறுமனே வைக்காதீங்கன்னு அப்பவே சொன்னேனே" என்றாள் அவள். எனக்கு மரை கழன்றது.

மிச்சம் ஒன்றுதான். அதுவும் நசுங்கினால் அவர் மெஷின் காயலான் கடைக்கு, என் பேரும் கூடவே. பயமாகத்தான் இருந்தது.

தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். கழுத்தில் டேப், கையில் துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸ்.

"என்ன செய்யப் போறீங்க?"

"யோசிக்கிறேன். உனக்கெதுக்கு?"

"எனக்கெதுக்கு? ஆனா ஒண்ணுங்க. இந்த நட்டை மட்டும் அறுத்துடாதீங்க." போல்ட்டுக்குப் பொருந்தும் நட்டைக் கையிலெடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, என் முன்னால் வைத்தாள். "ஒரு பக்கம் அறுத்து, போல்ட்டுல மாட்டி, அதோட வைஸ்ல இறுக்கலாம்னு தோணும் உங்களுக்கு. வேண்டாம். நல்ல நட்டு வீணாப் போயிடும்."

"என் நட்டு. நான் அறுப்பேன்!"

"ஐயோ, சொன்னா கேக்கவே மாட்டீங்களா!" தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

விடுவேனா? ரம்பத்தை எடுத்தேன். எங்கே அறுப்பது என்று யோசிக்கவே இல்லை, கை தானாகப் போயிற்று. மாட்டி இறுக்கினேன். அறுத்த இடைவெளி சுருங்கி, நட்டு போல்ட்டை உடும்பாகப் பிடித்துக்கொண்டது. வைஸ் கடித்தது நட்டை மட்டும்தான். துளை போட்டுக் கழற்றினால், மரையில் ஒரு கீறல் இல்லை!

சாயங்காலம் அச்சகக்காரர் மரையைத் தடவித் தடவிப் பார்த்தார். "பிரமாதம் சார்! யார் யோசனை?"

"வேற யாரு? வேண்டாம் வேண்டாம்னு வீட்டுல ஒரே சண்டை. நான் மசியலையே!"

உள்ளே தையல் மெஷின் சட்டென்று நின்றது.

"அந்த நட்டைக் காட்டுங்க, பார்ப்போம்." வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இதென்ன சார், அறுத்த இடத்துல ரெண்டு பக்கமும் நீலமா ஒட்டியிருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். அவள் போட்ட கோட்டின் மேலேயே, ஒரு நூல் பிசகாமல் அறுத்திருந்தேன்.