வெண்டல் பூனைக்கு வேஷம் கட்டினார்

அக்டோபர் முதல் தேதி காலை, முகம் நிறையச் சவர நுரையோடு கண்ணாடி முன் நின்று, வெண்டல் ஹாப்ஸ்டாட் ஒரு வீர சபதம் எடுத்தார்.

"இந்த வருஷம் நான் எதுவாகவும் ஆக மாட்டேன்!"

ஐம்பத்தெட்டு வயது மனிதர் எடுக்கிற சபதமா இது என்று கேட்கலாம். அவர் பட்ட பாடு அப்படி. விஸ்கான்சின் மாநிலத்துக் கெட்டில்பரோவில், அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை மதியம் நூலகத்தார் ஓர் ஊர்வலம் நடத்துவார்கள். நாய், பூனை, முயல், ஆமை எல்லாம் மாறுவேடத்தில் வரும். வேஷம் வீட்டில் கையால் செய்ததாக இருக்க வேண்டும். கடையில் வாங்கியது செல்லாது. வெண்டலின் மனைவி பெர்னிஸ் ஊசியில் நூல் கோத்துவிட்டால் அந்த ஊரில் மற்றவர்கள் ஊசியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பூனை. செம்பட்டை நிறம், இருபது பவுண்டு எடை, மேயர் என்று பெயர். பெயர்ப் பொருத்தம் பிரமாதம். நாள் முழுக்கத் தூக்கம், யாராவது கேள்வி கேட்டால் கொட்டாவி. அந்த வீட்டில் 'வாங்க, போங்க' என்ற மரியாதை மேயருக்கு மட்டும்தான். வெண்டலுக்கு 'வா, போ' தான்.

மேயரோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. பூனைக்குப் பொருத்தமாகப் புருஷனுக்கும் ஒன்று தைத்தால்தான் பெர்னிஸுக்குத் திருப்தி. இரண்டு வருஷம் முன்பு மேயர் ராஜா, வெண்டல் சிம்மாசனம். ராஜா ஊர்வலம் முழுக்கச் சிம்மாசனத்தின் தோளில் பத்து நகங்களையும் ஊன்றி ஆட்சி செய்தார். போன வருஷம் மேயர் தேனீ, வெண்டல் சூரியகாந்தி. முகத்தைச் சுற்றி முப்பத்திரண்டு மஞ்சள் இதழ்கள். டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிற மனிதருக்கு இது தேவையா? இன்றைக்கும் கடைக்கு வருகிற விவசாயிகள், "என்ன வெண்டல், சூரியன் இப்ப எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுத்தான் போல்ட்டு வாங்குகிறார்கள்.

இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. ஊர்வலம் நடக்கிற அதே மதியம், அதே நேரத்தில், டிவியில் விஸ்கான்சின் அணியின் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம். இரண்டு வருஷமாக வெண்டல் ஆட்டம் பார்க்கவில்லை. சிம்மாசனத்துக்கும் சூரியகாந்திக்கும் யார் டிவி போட்டுக் காட்டுகிறார்கள்?

நுரையைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"பெர்னிஸ், இந்த வருஷம் மேயருக்கு நான் வேஷம் கட்டறேன்."

"நீயா?"

"நான்தான். நீ பாவம், வருஷா வருஷம் கண்ணு நோகத் தைக்கிற."

"போன வாரம் உன் சட்டைக்குத் தைச்சப்ப என் கண்ணு நோகலையா?"

"அது ஒரு பட்டன்."

"நாலு."

"சரி, நாலு. இந்தத் தடவை யோசனையும் என்னுது, வேலையும் என்னுது. வேஷம் மேயருக்கு மட்டும். எனக்குக் கிடையாது. நீ தலையிடவே கூடாது."

பெர்னிஸ் வறுத்த ரொட்டியில் ஆப்பிள் ஜாமை ஓரம் வரைக்கும் நிதானமாகத் தடவினாள்.

"சரி," என்றாள்.

இருபத்தொன்பது வருஷ இல்லறத்தில் பெர்னிஸ் மறு பேச்சில்லாமல் சரி சொன்னது இது இரண்டாவது தடவை. முதல் தடவை சர்ச்சில், பாதிரியார் கேட்டபோது. அதில் என்ன ஆயிற்று என்று வெண்டல் அப்போதாவது யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்கவில்லை. நேரே தோட்டத்துக்குப் போய், வேலிக்கு அந்தப் பக்கம் இலை வாரிக்கொண்டிருந்த ஆர்வில்லைக் கூப்பிட்டார். ஆர்வில் பக்கத்து வீட்டுக்காரர், ப்ரெட்ஸல் என்ற குட்டைக்கால் நாயின் சொந்தக்காரர், ஊரில் வெண்டலின் ஒரே நண்பர்.

"ஊர்வல விதி ஞாபகம் இருக்கா? நடுவழியில வேஷம் கழண்டா என்ன?"

"ஊர்வலத்துலேருந்து வெளியே."

"அதேதான்! மேயரால ரெண்டே நிமிஷத்துல கிழிக்க முடியற மாதிரி ஒரு வேஷம் செய்யறேன். ஊர்வலம் கிளம்பும், வேஷம் கிழியும், நாங்க வெளியே வந்துடுவோம். ஆட்டம் சூடு பிடிக்கறப்ப நான் சோபாவுல."

ஆர்வில் வாரியை ஊன்றிக்கொண்டு யோசித்தார்.

"பெர்னிஸ் ஒத்துக்கிட்டாளா?"

"உடனே!"

"சண்டை போடாமலா?"

"ஒரு வார்த்தை பேசலைப்பா."

"வெண்டல், எனக்குப் பயமா இருக்கு," என்றார் ஆர்வில்.

"பொறாமை," என்றார் வெண்டல்.

முதலில் டிராகன். பழைய பச்சை ஸ்வெட்டரின் கையை வெட்டி, முதுகில் முள்முள்ளாகத் துணி வைத்துத் தைத்தார். டிராகனுக்கு ஒன்பது முள், வெண்டலின் விரலுக்குப் பதினாலு குத்து. மேயருக்கு மாட்டிவிட்ட நாற்பதாவது விநாடி டிராகன் மூன்று துண்டாகக் கம்பளத்தில் கிடந்தது. வெண்டல் குதித்தார். குதித்து முடித்த பிறகுதான் உறைத்தது. ஒத்திகையிலேயே கிழிந்துவிட்டால் ஊர்வலத்தில் எதைக் கிழிப்பது?

அடுத்து ஆமை. செய்தித்தாளைக் கிழித்து, பசையில் தோய்த்து, ஒரு பெரிய கிண்ணத்தின் மேல் ஒட்டி ஓடு செய்தார். மறுநாள் ஓடு நன்றாகக் காய்ந்தது. கிண்ணத்தை விட்டுத்தான் வரவில்லை. வெண்டலின் இடது புருவத்தில் ஒரு செய்தித்தாள் துண்டும் அதே உறுதியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மேயர் மேஜை மேல் உட்கார்ந்து, தமக்குச் சம்பந்தமில்லாத ஊராட்சிக் கூட்டம் மாதிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதவி வேணுமா?" என்று பத்திரிகைக்குப் பின்னாலிருந்து பெர்னிஸ் கேட்டாள்.

"வேண்டாம்!"

"சரி."

மறுபடியும் சரி! பெண்டாட்டியைத் திருத்திவிட்ட பெருமையில் வெண்டலுக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. பெருமைப்பட்டுக்கொண்டே மூன்று வாரம் வேறு ஒன்றும் செய்யவில்லை.

ஊர்வலச் சனிக்கிழமை விடிந்தது. கையில் வேஷம் இல்லை. பசை டப்பா தேடிக் கார் ஷெட்டுக்குள் நுழைந்தவர் கண்ணில் அது பட்டது. புத்தம் புது அட்டைப்பெட்டி. ஒரு பூனை அளவு. இன்னும் சரியாகச் சொன்னால், மேயர் அளவு.

வெண்டலுக்கு மூளையில் மின்னல் அடித்தது. தையல் வேண்டாம், பசை வேண்டாம். மேலே தலைக்கு ஓர் ஓட்டை போட்டால் பார்சல் வேஷம் தயார்! எந்தப் பூனை பெட்டியை மாட்டிக்கொண்டு ஊர்வலம் போகும்? முதல் அடியிலேயே வெளியே குதிக்கும். ஐந்து நிமிஷத்தில் ஓட்டை போட்டு, பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'பார்சல், ஜாக்கிரதை' என்று எழுதி, கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்.

மேயர் வந்தார். பெட்டியை ஒரு சுற்று சுற்றி மோந்தார். யாரும் சொல்லாமல் உள்ளே இறங்கி, ஓட்டை வழியாகத் தலையை நீட்டி, கண்ணை மூடிக் குறட்டை விட ஆரம்பித்தார்.

வெண்டல் பெட்டியை ஆட்டிப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். உள்ளே கை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்து விரல்களை எண்ணிக்கொண்டார். ஐந்தும் இருந்தன.

ஆனாலும் மனிதர் தோற்கவில்லை.

"பெர்னிஸ், ஒரு சின்ன சிக்கல்," என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "வேஷம் அமோகமா வந்திருக்கு. ஆனா இதைப் போட்டுக்கிட்டு மேயரால நடக்க முடியாது. வருத்தமாத்தான் இருக்கு. இந்த வருஷம் விட்டுடுவோம்."

"பார்சல் எந்த ஊர்ல தானா நடந்து போகுது?" என்று கேட்டபடி பெர்னிஸ் உள்ளேயிருந்து வந்தாள். கையில் ஒரு ஹேங்கர். ஹேங்கரில் இஸ்திரி போட்ட பழுப்புச் சட்டை. அதே நிறத்தில் தொப்பி. சட்டைக்குக் கீழே அதே நிறத்தில் அரைக்கால் சட்டை.

"என்ன இது?"

"பார்சல் கொண்டுவர்ற ஆள். உன் அளவுதான்."

"எப்ப தைச்ச?"

"ஆகஸ்ட்ல."

"ஆகஸ்ட்லயா? நான் பெட்டி செய்வேன்னு இன்னிக்குக் காலையில எனக்கே தெரியாது!"

"உனக்குத் தெரியாது," என்று பெர்னிஸ் ஒப்புக்கொண்டாள். "சூரியகாந்திக்கு அப்புறம் நீயே செய்யறேன்னு கிளம்புவே. முதல்ல தைப்பே, குத்திக்குவே. அப்புறம் ஒட்டுவே, ஒட்டிக்குவே. அப்புறம் மூணு வாரம் ஒண்ணும் செய்யமாட்டே. கடைசி நாள், ஒரே ஒரு ஓட்டை போட்டா முடியற மாதிரி ஏதாவது கிடைக்குமான்னு கார் ஷெட்டுக்குப் போவே. அதான் பெட்டியை அங்கே வச்சேன். மேயர் தினம் மத்தியானம் தூங்கினது அதுலதான். நீ கடைக்குப் போனதும் எடுத்துட்டு வருவேன், நீ வர்றதுக்குள்ள திரும்ப வச்சுடுவேன்."

"நீ தலையிட மாட்டேன்னு சொன்னியே!"

"நான் எங்கே தலையிட்டேன்? பெட்டியில தலையிட்டது மேயர்."

வெண்டல் சோபாவின் கையைப் பற்றிக்கொண்டார். குரலை உயர்த்தினார். உயர்ந்த குரல் நடுவில் உடைந்தது. "முடியாது! நான் எதுவாகவும் ஆக மாட்டேன்னு சபதம் எடுத்திருக்கேன். வெளியே பல்லு கிட்டிக்கிற குளிர். அரைக்கால் சட்டை! முடியவே முடியாது. நான் வீட்ல உட்கார்ந்து ஆட்டம் பார்க்கப் போறேன்."

"தாராளமா இரு," என்றாள் பெர்னிஸ் அன்பாக. "டோரீனுக்கும் பேச்சுத்துணை ஆச்சு."

டோரீன் பெர்னிஸின் அக்கா.

"டோரீன் எதுக்கு வர்றா?"

"அலாஸ்காவுக்குக் கப்பல்ல போனாளே, அந்தப் படத்தையெல்லாம் நம்ம பெரிய டிவியில போட்டுக் காட்டணுமாம். நானூறு படம். பாதி பனிமலை, பாதி சாப்பாடு. ரெண்டு மணி நேரத்துல முடிச்சுடுவாளாம். கேள்வி கேக்காம இருந்தா."

வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டது. "யூ-ஹூ! டிவியை யாரும் தொடாதீங்க!" என்று ஒரு குரலும் கேட்டது.

வெண்டல் அரைக்கால் சட்டையை வாங்கிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினார். கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது. அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

நூலகத்து வாசலில் ஊரே கூடியிருந்தது. ப்ரெட்ஸல் சோளக்கதிர் வேஷத்தில் வந்திருந்தது. ஆர்வில் சாதாரண மனிதனாக, கம்பளிக் கோட்டும் முழுக்கால் சட்டையுமாக வந்திருந்தார். வெண்டலின் கால்களை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"ஏம்ப்பா, இந்தக் காலைக் கோழிக்கடையில தொங்கவிட்டா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"பேசாதே."

"ஆட்டம் தொடங்கியாச்சுப்பா. நம்ம ஆளுங்க முதல் பந்துலயே கோல் எல்லையைத் தாண்டிட்டாங்களாம்."

"பேசாதேன்னேன்!"

இருபது பவுண்டு பூனையும் பெட்டியும் கையை இழுக்க, வெண்டல் நடந்தார். இரு பக்கமும் விவசாயிகள் விடவில்லை. "என் டிராக்டர் பெல்ட்டு மூணு வாரமா வரல, அதுலயா இருக்கு?" என்றார் ஒருவர். "வாங்கிட்டுக் கையெழுத்து எங்கே போடணும்?" என்றார் இன்னொருவர். மேயர் ஒரு தடவை கண்ணைத் திறந்தார், மக்களைப் பார்த்தார், மூடிக்கொண்டார். மக்கள் கை தட்டினார்கள். பெர்னிஸ் நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு, சூடான ஆப்பிள் சாறு குடித்தபடி எல்லோருக்கும் கையசைத்தாள். வெண்டலின் முழங்கால் ஊதா நிறத்துக்கு மாறியிருந்தது.

ஊர்வலம் முடிந்ததும் நூலக அதிகாரி மிஸஸ் டிக்பி மேடையில் ஏறி மைக்கைத் தட்டினார். மிகச் சிறந்த வேஷம் என்ற பரிசு சோளக்கதிருக்குப் போயிற்று. வேடிக்கையான வேஷம் ஓர் ஆமைக்கு. வெண்டல் பெருமூச்சு விட்டார். பரிசு இல்லை, அப்பாடா. பத்திரிகையில் படம் வராது. இப்போது கிளம்பினால் ஆட்டத்தின் கடைசிப் பகுதியையாவது கார் ரேடியோவில் கேட்டுவிடலாம். பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு மெல்லப் பின்வாங்கினார்.

"கடைசிப் பரிசு!" என்றார் மிஸஸ் டிக்பி. "சொன்ன பேச்சு கேட்கும் செல்லப்பிராணி. நடுவர்கள் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது... வெண்டல்!"

 கூட்டத்தில் தெருவே அதிர்கிற மாதிரி சிரிப்பு.

வெண்டல் மேடைக்கு விரைந்தார். "மிஸஸ் டிக்பி, பேரை மாத்திப் படிச்சிட்டீங்க. பூனையோட பேரு மேயர்."

"மேயருக்குத் தனி விண்ணப்பம் இருக்கே," என்று மிஸஸ் டிக்பி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து கையிலிருந்த தாளைப் பார்த்தார். மைக் இன்னும் அணையவில்லை. "இதுல தெளிவா எழுதியிருக்கு. பிராணியின் பெயர், வெண்டல். வயசு ஐம்பத்தெட்டு. உரிமையாளர், பெர்னிஸ் ஹாப்ஸ்டாட். தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு. உறுமும், கடிக்காது."

கழுத்தில் கட்டுகிற நீலப் பரிசு ரிப்பனோடு பெர்னிஸ் மேடை ஏறி வந்தாள்.

பெட்டியைக் கீழே வைத்தால் மேயர் விழித்துக்கொள்வார் என்று, வெண்டல் அப்படியே கழுத்தை நீட்டினார்.