மாமனாரைக் கொண்டுவிடும் வண்டி

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மறுபடியும் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. கணக்கு வாத்தியார் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"திரும்பிடலாம் மாப்பிள்ளை," என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த மாமனார். "வீடு எங்க ஓடிப்போகுது? இன்னொரு நாள் போய்க்கலாம்."

இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர் அவர். வந்த மறுநாளே வண்டியில் வாட்டர் பம்ப் ஒழுகியது. மெக்கானிக் புது பம்ப் மாட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து எஞ்சின் சூடாகிக்கொண்டே இருக்கிறது, மாமனாரும் இருந்துகொண்டே இருக்கிறார். முட்டி மடங்காததால் பஸ்ஸில் ஏற மாட்டார். வாடகைக்கார் என்று வாயெடுத்தால், "மாப்பிள்ளை வண்டி வாசல்ல நிக்கும்போது நான் வாடகைக்கார்ல போய் இறங்கினா, பார்க்கிறவன் உங்களைத்தானே பேசுவான்?" என்பார்.

மனிதர் தங்கமானவர். அதுதான் கொடுமை. வாத்தியார் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால், தோள் வழியாக எட்டிப்பார்ப்பார்.

"பாவம் மாப்பிள்ளை, ரெண்டு பக்கம் எழுதியிருக்கான். பாஸ் போட்டு விடுங்க."

நேற்று வாத்தியார் குளித்துவிட்டு வருவதற்குள் ஒரு கட்டு முழுவதையும் சிவப்புப் பேனாவால் அவரே திருத்தி வைத்திருந்தார். தாளில் பெயரை மட்டும் எழுதிவிட்டுத் தூங்கியவன்கூடப் பாஸ். திங்கட்கிழமை எல்லாத் தாள்களும் தலைமையாசிரியர் மேஜையில் இருக்க வேண்டும். மாமனார் வீட்டில் இருக்கும்வரை அது நடக்காது, அதற்கப்புறம் தன் வேலையும் இருக்காது என்று வாத்தியாருக்கு நிச்சயமாகிவிட்டது.

மெக்கானிக் மாமியாருக்குத் தெரிந்தவர். மாமியாரே சிபாரிசு செய்த ஆள். "ரேடியேட்டர் மூடி சரியில்ல சார்," என்று மூடியை மாற்றினார். பெட்டியோடு கிளம்பினார்கள். நெரிசலில் நின்றதும் முள் ஏறிவிட்டது. திரும்பி வந்த மாமனார், பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து வாத்தியாரின் அலமாரியில் அடுக்கினார்.

"அப்ப தெர்மோஸ்டாட்தான்," என்று அதையும் மாற்றினார் மெக்கானிக். இந்தத் தடவை தெருமுனை ரயில்வே கேட்டில் நின்றபோதே ஆவி. மாமனார் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டுக்கொண்டார்.

மாமியார் போனில் அழைத்தார். "வண்டி விஷயத்துல அவசரமே படாதீங்க மாப்பிள்ளை. நல்லா சரியாகட்டும். உசிரு முக்கியம்."

"ஹீட்டரைப் போட்டா எஞ்சின் சூட்டை உள்ள இழுத்துக்கும்," என்று அடுத்து ஒரு யோசனை சொன்னார் மாமனார். கொளுத்துகிற வெயிலில், ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டு, இருவரும் வெந்துகொண்டே போனார்கள். எஞ்சின் தாக்குப்பிடித்தது. வாத்தியாருக்குத்தான் தலை சுற்றி, பாதி வழியிலேயே திரும்ப வேண்டியதாயிற்று.

ஈரத் துணியை நெற்றியில் போட்டபடி மனைவி கேட்டாள். "எங்கப்பா இருக்கிறது உங்களுக்கு அவ்வளவு பாரமா இருக்கா?"

வாத்தியார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அழவேண்டும்போல் இருந்தது.

மறுநாள் காலை வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பானெட் திறந்திருந்தது. மாமனாரின் தலை அதற்குள் இருந்தது.

"மாமா! நீங்கதானா? உங்களுக்கு இங்கயே இருக்கணும்னா வாயால சொல்லியிருக்கலாமே!"

நிமிர்ந்த மாமனாரின் முகம் வாடிவிட்டது. "என்ன மாப்பிள்ளை இப்படிக் கேட்டுட்டீங்க? எனக்கு மட்டும் வீட்டுக்குப் போகணும்னு இல்லையா? அங்க அவ தனியா, பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாம கிடக்கிறா. அதான், என்னால முடிஞ்சதைப் பார்ப்போமேன்னு..."

வாத்தியாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவரும் பக்கத்தில் குனிந்தார். எஞ்சினை ஓடவிட்டு இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முள் ஏறியது. ரேடியேட்டர் விசிறி சுற்றவேயில்லை.

"ஓடும்போது எதிர்க்காத்து அடிக்குது, தாங்குது. நின்னா விசிறிதான் காப்பாத்தணும்!" என்று கத்தினார் வாத்தியார்.

விசிறிக்குப் போகும் ஒயரைத் தடவிப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை. யாரோ பதமாகக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, வெளியே தெரியாமல் செருகி வைத்திருந்தார்கள்.

மாட்டியதும் விசிறி சுழன்றது. முள் நடுவில் நின்றது. மாமனார் குழந்தைபோல் கைதட்டிவிட்டு, பெட்டியை எடுக்க நொண்டிக்கொண்டே விரைந்தார்.

ஊருக்குப் போகும் வழியில்தான் பட்டறை. மாமனாரை வண்டியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, வாத்தியார் உள்ளே பாய்ந்தார்.

"யோவ், வேணும்னே ஒயரைப் பிடுங்கி டேப் ஒட்டியிருக்கியே! உனக்கு நான் என்னய்யா பாவம் பண்ணினேன்?"

மெக்கானிக் வாசலை எட்டிப்பார்த்தார். மாமனார் உற்சாகமாகக் கையசைத்தார். மெக்கானிக்கும் பதிலுக்குக் கையசைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவா சார், அவருக்குக் கேட்டுடப் போகுது. கல்யாணமானதுலேர்ந்து இப்பதான் வீடு நிம்மதியா இருக்காம், மாசக் கடைசி வரைக்கும் எப்படியாவது இழுத்துப் பிடிங்கன்னு உங்க மாமியார்தான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டாங்க."