கார்க்கைக் கடித்த கம்பவுண்டர்

திண்டுக்கல்லில் எங்கள் கம்பவுண்டரின் சம்மதம் இல்லாமல் எந்தக் கதையிலும் எவனும் செத்துவிட முடியாது. விஷம் குடித்தவன் ஒழுங்காக வாந்தி எடுத்தானா, கண் செருகியதா, எத்தனை மணி நேரம் தாங்கினான் என்று பார்த்து, திருப்தி ஏற்பட்ட பிறகுதான் அவனைச் சாக விடுவார்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கிடங்கில் குமாஸ்தா. மேற்கு ரத வீதியில் ஒரு மாடி அறையில் இருந்தேன். கீழே டிஸ்பென்சரி. டாக்டர் சீட்டு எழுதுவார்; மருந்து கலக்கிக் கொடுப்பவர் கம்பவுண்டர். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை வாரப் பத்திரிகை வந்துவிட்டால், மர்மத் தொடரைப் படித்து முடிக்காமல் எந்தப் பாட்டிலையும் தொட மாட்டார்.

“செத்த நேரம் இரும்மா. இங்க ஒருத்தன் செத்துக்கிட்டு இருக்கான்.”

“அவன் கதையில சாகுறான். இங்க எம்புள்ளைக்கு வயித்தால போகுது!”

“அதுக்கு மருந்து இருக்கு. இவனுக்கு இல்லை. இம்புட்டு ஆர்சனிக்கைக் குடிச்சிட்டு மூணு பக்கம் வசனம் பேசுறான் பாரு!”

துப்பறிபவர்கள்மீது அவருக்கு மதிப்பே கிடையாது. “விஷக் கேசை விசாரிக்க வந்தவன், போற வீட்ல எல்லாம் காப்பி வாங்கிக் குடிக்கிறான். இவன் உருப்படுவானா?” பேய்க் கதை என்றால், “காலே இல்லங்கிறான், கொலுசு எதுலய்யா மாட்டிருக்கு?” செவ்வாய் கிரகத்துக்குப் போனவர்களிடம் அங்கிருந்தவர்கள் நல்ல தமிழில் நலம் விசாரித்தபோது பத்திரிகையையே மூடி வைத்துவிட்டார். “கொடைரோட்டுல இறங்கி மலையேறுனாலே பேச்சு மாறுது. செவ்வாய்ல நம்ம பேச்சாம்ல!”

சாயங்காலம் நகராட்சிப் பூங்கா ஒலிபெருக்கியில் வானொலி நாடகம் வைப்பார்கள். கம்பவுண்டர் வந்து உட்கார்ந்தால், எல்லோரும் ஒலிபெருக்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் பக்கம் திரும்பிக்கொள்வோம். நாயகி கிணற்றில் விழுந்தாளா, அண்டாவில் விழுந்தாளா என்று தண்ணீர்ச் சத்தத்தை வைத்தே சொல்வார்.

இத்தோடு நின்றிருந்தால் வம்பில்லை. மர்மத் தொடர் எழுதிவந்த எழுத்தாளருக்கு வாரம் தவறாமல் கடிதம் போட்டார். விஷத்தில் பிழை, அளவில் பிழை, பிணத்தில் பிழை. கூடவே தன்னைப் பற்றியும் தாராளமாக எழுதினார். எழுத்தாளர் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. அடுத்த தொடரில் போட்டார்.

அந்தத் தொடரில் மலைக்கோட்டை அடிவாரத்தில் ஓர் ஊர். அங்கே ஒரு கம்பவுண்டர். காதில் பென்சில், கையில் மூக்குப்பொடி டப்பா, எதிலும் குற்றம் கண்டுபிடிக்கும் வாய். அவர் கலக்கிக் கொடுத்த இருமல் மருந்தைக் குடித்த ஜமீன்தார் இரண்டாம் வாரமே செத்துப்போனார்.

ஊரே படித்தது. டிஸ்பென்சரிக்கு வந்தவர்கள் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு நழுவினார்கள். ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஒருவர் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார்: “ஏனுங்க, தப்பா நினைக்காதீங்க. நீங்க ஒரு மடக்கு குடிச்சுக் காட்டிருங்க.”

குடித்துக் காட்டினார். அது வழக்கமாகிவிட்டது. அந்த மாதம் முழுக்க சளி, வாயு, கீரைப்பூச்சி, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் மருந்து சாப்பிட்டார். மலச்சிக்கலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஒரே காலையில் குடிக்க நேர்ந்த அன்று, எது ஜெயிக்கும் என்று தெரியாமல் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்படியும் கூட்டம் பாதியாகிவிட்டது. டாக்டர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: “இப்படியே போனா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும். பத்திரிகைக்கு எழுதி அந்தக் கம்பவுண்டரை மாத்தச் சொல்லுங்க.”

கடிதத்தை நானே எழுதிக் கம்பவுண்டரிடம் கொண்டு போனேன். வாங்கி நாலாகக் கிழித்தார்.

“வேண்டாம் அப்பு. விஷம் தப்புன்னா நான் சொல்லுவேன். கொலைகாரன் யாருன்னு அவன்தான் சொல்லணும்.”

“அண்ணே, வேலை போயிரும்ணே!”

“போகாது. இந்தக் கம்பவுண்டர் கொல்லலை. கதையிலயும் அவன் எல்லார் முன்னாடியும் அந்த மருந்தைக் குடிச்சுக் காட்டுறானே, ஒண்ணும் ஆகலையே? ஜமீன்தாரோட தம்பிதான் கொலைகாரன். கடைசி வாரம் பாரு.”

இதையே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவைத்தார். கடைசி வெள்ளிக்கிழமை டிஸ்பென்சரி வாசலில் திருவிழாக் கூட்டம். கம்பவுண்டர் ஸ்டூலில் ஏறி நின்று உரக்கப் படித்தார். பாதியில் குரல் தேய்ந்தது. கொன்றது கம்பவுண்டர்தான். மருந்தில் விஷம் இல்லை. ஜமீன்தாருக்குப் பாட்டிலின் கார்க்கைப் பல்லால் கடித்துத் திறக்கும் பழக்கம். விஷம் கார்க்கில்.

கூட்டம் மெல்ல இரண்டடி பின்வாங்கியது. டாக்டர் உள்ளே போய்விட்டார். கம்பவுண்டரோ ஸ்டூலிலிருந்து குதித்து இறங்கி, கண்ணில் நீர் வரச் சிரிக்க ஆரம்பித்தார்.

“கார்க்குலய்யா! கார்க்குல வச்சிருக்கான்! முப்பது வருசமா கார்க்கு அடைக்கிறேன், எனக்குத் தோணலையே! என்னையே ஏமாத்திட்டானே, மகராசன்!”

பத்திரிகையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் ஒவ்வொருவராகச் சிரிக்கத் தொடங்கினார்கள். சின்னாளபட்டியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு காலிப் பாட்டிலை நீட்டினாள். “இதுகூடத் தோணாத மனுசன் யாரைக் கொல்லப்போறாரு? மருந்தக் குடுங்கய்யா, பஸ்ஸுக்கு நேரமாகுது.”

அவளுக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. எழுத்தாளருக்கு அன்றே பாராட்டுக் கடிதம் போட்டார். நான்கு பக்கம், ஒரு பிழைகூடச் சுட்டவில்லை.

மறுநாள் காலை ஒரு பாட்டிலோடு மாடியேறி வந்தார். எனக்குப் பல நாளாக இருமல். அவர் கொடுத்த மருந்தை மூன்று வாரமாக நான் ஜன்னல் வழியே கொட்டிக்கொண்டிருந்தேன்.

“கீழ நிக்கிற முருங்கைக்கு இருமல் தேவலையா தம்பி?” என்றார்.

எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் கார்க்கைப் பல்லால் கடித்துத் திறந்து, செத்த நேரம் மென்றுகொண்டே நின்றுவிட்டு, பாட்டிலை என்னிடம் நீட்டினார். ஒரே மடக்கில் குடித்தேன்.

அதற்கப்புறம் பெரிய பெரிய டாக்டர்களிடமெல்லாம் மருந்து வாங்கிச் சாப்பிட்டாயிற்று. அந்தக் கசப்பு மட்டும்தான் இன்னும் நாக்கில் நிற்கிறது. அது போக வேண்டாம் என்றுதான் இருக்கிறது.