முக்கொம்பில் பட்சி பார்த்தது

தமிழில் ‘பார்ப்பது’ என்ற சொல்லை நம்பி யாரும் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. ஜாதகம் பார்க்கிறோம், நாடி பார்க்கிறோம், பெண் பார்க்கிறோம். இவற்றில் எதிலாவது கண்ணுக்கு வேலை உண்டா? (பெண் பார்ப்பதில் உண்டு என்பீர்கள். ஸ்ரீரங்கத்தில் கோமளாவைப் பார்க்கப் போனபோது நான் கேசரித் தட்டைத்தான் பார்த்தேன். நிமிர்வதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். அங்கிருந்து ஒரு சிரிப்பு மட்டும் கேட்டது. கட்டினால் இந்தச் சிரிப்பைத்தான் கட்டுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.)

அறுபதுகளின் தொடக்கம். திருச்சியில் குமாஸ்தா உத்தியோகம். மற்றவர்கள் சீட்டாடப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முக்கொம்புக்கு பஸ் ஏறி, காவிரி பிரிகிற இடத்தில் நின்று பறவைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னிடம் ஒரு பழைய பைனாகுலர் இருந்தது. வலது கண்ணில் நாரை தெரியும். இடது கண்ணில் எந்நாளும் மழைக்காலம்.

என் அக்காவின் கணவர் சீமாச்சுதான் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர். பெண் வீட்டில் என் பெருமைகளைச் சொல்ல ஆரம்பித்து, ஒன்றும் அகப்படாமல் திணறி, “பையன் ஞாயித்துக்கிழமை தவறாம பட்சி பார்ப்பான்” என்று சொல்லிவைத்தார்.

கோமளாவின் அப்பா நரசிம்மாச்சாரியார், ராகு காலம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். அவர் அகராதியில் பட்சி பார்ப்பது என்றால் ஒன்றுதான்: பறவையை வைத்துக் காரியம் கைகூடுமா கூடாதா என்று சொல்கிற சாஸ்திரம். அவர் கையில் அப்போது இரண்டு வரன்கள். ஒன்று நான். இன்னொன்று பம்பாய்ப் பையன். இரண்டு ஜாதகமும் பொருந்தித் தொலைத்ததில் மனிதர் தவித்துப்போயிருந்தார். சரி, விஷயத்தைச் சொல்லாமல் என்னிடமே பலன் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார். (இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். முன்பே தெரிந்திருந்தால் வாயைத் தைத்துக்கொண்டல்லவா போயிருப்பேன்!)

“நீர் பட்சி பார்க்கிற எடத்துக்கு அடியேனும் வரலாமோ?” என்று அவர் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு ரசிகர் மாமனாரா!

தை மாதத்துக் காலை. அவர் பஞ்சகச்சமும் வெள்ளை உத்தரீயமுமாக வந்தார். ஆற்றுக் காற்றில் அது கொடி மாதிரிப் பறந்தது.

“மாமா, அதைக் கொஞ்சம் இடுப்புல சொருகிக்கலாமா? பறவை மிரள்றது.”

“பெருமாள் கொடுத்தது ஓய் இது!”

பறந்தது பறந்தபடியே இருந்தது. மணல் திட்டில் ஓர் உள்ளான் கூட்டம் இறங்கியது. நான் மூச்சை அடக்கி பைனாகுலரைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து மேலே ஒரு செம்பருந்து வட்டமிட்டது. பருந்தென்று நான் சொல்கிறேன். அவருக்கு அது கருடன், அதுவும் ஞாயிற்றுக்கிழமைக் கருடன்.

“கருடா! கருடா!”

உள்ளான்கள் கரூர்ப் பக்கம் போய்விட்டன.

“என்ன ஓய் மரம் மாதிரி நிக்கறீர்? சேவியும்!”

அவசரத்தில், கையில் பைனாகுலர் இருப்பதை மறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கன்னம் வீங்கியது. ஆற்றங்கரையில் பருந்துக்கா பஞ்சம்? ஒன்று போனால் இன்னொன்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூப்பாடு. ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் திட்டு காலி. வேறு யாராக இருந்தாலும் ஆற்றில் தள்ளியிருப்பேன். பெண்ணைப் பெற்றவரை எப்படித் தள்ளுவது?

கடைசியில், காது கேளாததோ என்னவோ, ஒரு குருவி மட்டும் கரையில் ஓடிக்கொண்டிருந்தது.

“அது என்ன பட்சி?”

“வாலாட்டி, மாமா.”

“எந்தத் திக்குலேர்ந்து வந்தது?”

“வடக்கேர்ந்து.”

அவர் முகம் மாறியது. “வடக்கு விசேஷமோ?”

“வடக்கேர்ந்து வரதுதான் மாமா விசேஷம். அதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வரோம்!”

“அப்போ உள்ளூர்?”

பக்கத்தில் ஒரு மடையான் கொக்கு ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன். “உள்ளூர்ச் சரக்கா? சுத்த சாதாரணம். எந்தக் குட்டையிலும் கிடக்கும். தூங்கும், கிட்ட ஏதாவது வந்தா முழுங்கும், மறுபடி தூங்கும். பேரே மடையான்.”

“ஓஹோ.” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சரி, வடக்கேர்ந்து வரது ஸ்திரமா இருக்குமோ?”

“பங்குனியில கிளம்பிடும் மாமா. கூடு, குஞ்சு எல்லாம் வேற ஊர்லதான்.”

அவர் யோசித்தார். பாழாய்ப்போன பருந்து ஒன்று சரியாக வடக்குத் திசையில் எழும்பியது.

“கருடா! தீர்ந்தது சந்தேகம்!” என்று என் கைகளைப் பிடித்துக்கொண்டார். “தனக்குப் பாதகமா இருந்தாலும் ஒளிக்காம சொன்னீரே. மகானுபாவர் ஓய் நீர்!”

என் பறவை ஞானத்தைப் புகழ்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, கல்யாணத்துக்கு நாகஸ்வரம் யார் என்று அம்மாவோடு சண்டைகூடப் போட்டேன்.

சாயங்காலம் சீமாச்சு இரைக்க இரைக்க வந்தார். “அடேய், பம்பாய்க்கே முடிச்சுட்டார்டா! உள்ளூர்ப் பையன் மடையன்னு நீயே பட்சி பார்த்துச் சொன்னியாமே?”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். காவேரிப் பாலம் முழுக்க ஒத்திகை: ‘மாமா, அது சாஸ்திரமில்லை, பொழுதுபோக்கு.’ அவர் வீட்டு வாசலை அடைந்தபோது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

“பட்சி அவ்வளவுதான் சொல்லித்தாப்பா?” கோமளாவின் குரல்.

“பங்குனியில கிளம்பிடுமாம். கூடு, குஞ்சு எல்லாம் வேற ஊர்லயாம்.”

“வேற ஊர்ல குஞ்சா?”

உள்ளே மாமியின் கையிலிருந்து ஏதோ பாத்திரம் விழுந்தது. “ஐயோ! பம்பாய்க்காரனுக்கு ஏற்கெனவே குடும்பம் இருக்கா?”

“நான் சொல்லலைம்மா. பட்சி சொல்றது.” கோமளா நிதானமாகச் சொன்னாள். “மடையான்னா அசடா இருக்கும். ஆனா நம்ம கண்ணெதிர இருக்கும்.”

நரசிம்மாச்சாரியார் பதறி வாசலுக்கு ஓடிவந்தார். நான் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் எட்டிப்பார்த்த கோமளா அந்த நிலையில் என்னைப் பார்த்தாள். அதே சிரிப்பு. இம்முறை முகத்தோடு.

பங்குனியில் எங்கள் கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் என் பெயர் மடையான்தான். பேரன் பேத்திகள் மரியாதையாக ‘மடையான் தாத்தா’ என்பார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மாமனார் என் சாஸ்திர ஞானத்தை ஸ்ரீரங்கம் முழுக்கப் பரப்பிவிட்டுப் போனார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் கழுத்து சுளுக்கி மேலே பார்த்தாலும் யாராவது வந்து பலன் கேட்கிறார்கள்.

போன மாதம் மாடியில் காக்காய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்தார். “சார், பையனுக்கு வெளியூர் மாத்தல் வந்திருக்கு. காக்கா என்ன சொல்லுதுங்க?”

எரிச்சலில், “இன்னும் சோறு வேணுமாம்” என்றேன்.

மனிதர் ஒரு பானைச் சோறு வடித்து மாடியில் கொட்டினார். மாற்றல் ரத்தாகிவிட்டது. இப்போது அவர் மனைவி தினமும் வந்து கேட்கிறாள், காக்காய்க்குக் குழம்பு வேண்டாமா என்று.