ஐஸ் தண்ணீரில் கத்தியது பற்றி

தெஹியோவிட்ட,
திங்கட்கிழமை.

மதிப்புக்குரிய சம்பந்தி பாலசுப்பிரமணியம் அவர்களுக்கு, ஏழுமலை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். ருவான்வெல்லையில் உங்கள் வீட்டாரும் கடையும் சுகமாயிருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். ‘சம்பந்தி’ என்று இனி எழுதலாமா என்பதுகூடத் தெரியவில்லை. போனில் பேசினால் நாக்குக் குழறும், அதனால் கடிதம்.

நேற்று நம் பிள்ளைகள் கல்யாணத்துக்கு நாள் குறிக்கத்தான் என் மகனோடு வந்தேன். வந்த இடத்தில் உங்கள் மகள் துஷாந்தினி, தன் கெம்பஸ் படிப்பு ஆராய்ச்சிக்கு ஆள் வேண்டும் என்றது. “ஐஸ் தண்ணியில கைய வைங்க மாமா. உடம்பு அத ஆபத்துன்னு நெனச்சுக்கும், நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும். அத அளக்கத்தான். தாங்கலேன்னா ஒடனே எடுத்துருங்க” என்று எவ்வளவு தெளிவாகச் சொன்னது! எடுத்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்து வாளியில் நீங்களும் கையை விட்டு, “ரப்பர் பால் எடுத்த கைக்கு இதெல்லாம் ஒரு குளிரா?” என்று என் கையைப் பார்த்துச் சிரித்தீர்கள். நானும் சும்மா இராமல், “கல்லாவுல ஒக்காந்த கைக்குத்தான் குளிரும்” என்றேன். அதோட போச்சு. எலும்புக்குள்ள ஊசி ஏறுது, விரல் இருக்கா இல்லையான்னு தெரியல, காது அடைக்குது, உங்க முகத்தப் பார்த்தா நீங்க மீசையக் கடிச்சுக்கிட்டு இருக்கீங்க, எடுக்க மனசு வரல. “ரெண்டு பேரும் எடுங்க, மெஷின் கத்துது”ன்னு பிள்ளை கெஞ்சுது. அந்த நேரம் பார்த்து சம்பந்தியம்மா வந்து, “கல்யாணத்த கேகாலை ஹோல்ல வைப்போமா?”ன்னு கேட்க, நான் வலியில, “வேணாம்! ஒண்ணுமே வேணாம்! ஆள விடுங்க!”ன்னு கத்திட்டேன். ஐஸைத்தான் சொன்னேன் சம்பந்தி, கல்யாணத்தச் சொல்லல. அவங்க பலகாரத் தட்ட அப்படியே உள்ள கொண்டு போயிட்டாங்க. என் மகன் கிருஷ்ணகுமார் பஸ்ஸில் வீடு வரைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

துஷாந்தினி மெஷினைக் கழற்றிவிட்டு நம் அளவுகளைக் கோடு போட்டு அடித்ததை நினைத்தால் சோறு இறங்கவில்லை. நம் இருவரின் அளவும் ஆராய்ச்சிக்கு உதவாதாம். பயத்தில் ஏறினது எது, ரோஷத்தில் ஏறினது எது என்று பிரிக்க முடியாதாம். படிக்கிற பிள்ளையின் வேலையைக் கெடுத்துவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது. நீங்களே ஜெயித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஹோல் என்றாலும் சம்மதம்.

சம்பந்தியம்மாவுக்கு என் மன்னிப்பையும், மருமகளுக்கு, அப்படிச் சொல்ல நீங்கள் விட்டால், என் ஆசியையும் சொல்லவும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
ஏழுமலை.

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது கிருஷ்ணகுமார் துஷாந்தினியோடு போனில் பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். நான் குளிரில்தான் கத்தினேன் என்று உங்கள் வீட்டில் எல்லாருக்கும் அப்போதே தெரியுமாம். சம்பந்தியம்மா தட்டோடு உள்ளே போனது சிரிப்பை அடக்கத்தானாம். ஹோலும் புக் பண்ணியாச்சாம். அப்படியென்றால் மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்குகிறேன். நான் கத்துறதுக்கு முன்னாடியே நீங்க கைய எடுத்துட்டீங்க, நான் பார்த்தேன். இல்லேன்னு சொன்னா ஞாயிற்றுக்கிழமை வர்றேன். ஐஸ் வாங்கி வைங்க.