நயினார் எந்த வண்டி எடுக்கிறார்?

"எந்த வண்டின்னு கை காட்டுங்க நயினாரே, சாவி உங்க கையில" என்று கவுஸ் பாஷா மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

ஜீவகுமார் கையைக் காட்டவில்லை. அந்தக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எதிரே தகரக் கூரைக்குக் கீழே நாற்பது மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்து நின்றன.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பாஷா டூ வீலர் கன்சல்டிங். பழைய வண்டிகளை வாங்கி விற்கிற இடம். ஜீவகுமார் அங்கே வேலைக்குச் சேர்ந்து அன்றோடு பதினைந்து வருஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் பாய் கடையில் இருக்கிற எந்த வண்டியை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். இனாமாக. வேறு யாராவதாக இருந்தால் பாய் வாயை மூடுவதற்குள் ஏறி உட்கார்ந்திருப்பார்கள்.

ஜீவகுமாருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

பத்தொன்பது வயதில் மாமாவின் வண்டியை எடுத்து நேரே பக்கத்து வீட்டு எருக்குழிக்குள் இறக்கினார். அதற்குப் பிறகு ஹேண்டில்பாரைத் தொடவில்லை. நாற்பத்தேழு வயது வரை டவுன் பஸ்ஸிலேயே காலம் ஓடிவிட்டது. அது பெரிய குற்றமில்லை. ஆனால் அவர் பார்க்கிற வேலை அப்படிப்பட்டது.

சமணக் குடும்பம் என்பதால் ஊரார் அவரை நயினார் என்பார்கள். திருவண்ணாமலையில் முதன்முதலாக வண்டி வாங்குகிற யாராக இருந்தாலும் நேரே நயினாரிடம்தான் வருவார்கள். அவர் மூன்றே கேள்விகள் கேட்பார். தினமும் எங்கே போகணும்? பின்னால் யார் உட்காருவாங்க? வண்டி விழுந்தால் தனியாளாகத் தூக்கி நிறுத்த முடியுமா?

"முதல் வண்டின்னா அது கீழ விழற வண்டி" என்பார். "விழாதவனுக்கு எந்த வண்டியும் வண்டிதான். நீங்க விழப் போறவரு. வெயிட்டு கம்மியா, ரெண்டு காலும் தரையில படற மாதிரி எடுங்க. புதுசு வேணாம், மனசு வலிக்கும்."

பெரிய வண்டிக் கனவோடு வந்தவர்கள் நூறு சிசியோடு திரும்பிப் போவார்கள். ஆறு மாதம் கழித்து முழு கைகாலோடு வந்து கும்பிடு போடுவார்கள். இந்த ஒரு பேரைத் தவிர ஜீவகுமாருக்கு வேறு ஆஸ்தி கிடையாது. இவருக்கே ஓட்டத் தெரியாது என்று வெளியே வந்தால் அத்தனையும் போச்சு. ஊர் சிரிக்கும். பாய் சிரிக்க மாட்டார், வருத்தப்படுவார். அதைத்தான் ஜீவகுமாரால் தாங்க முடியாது.

"யோசிச்சுச் சொல்றேன் பாய்" என்றார்.

மறுநாள் கலெக்டர் ஆபீஸ் தட்டச்சர் இளஞ்செழியன் வந்தார். முப்பத்தெட்டு வயது. தாயாரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போக ஒரு வண்டி வேண்டும், இதுதான் முதல் வண்டி. ஒரு மாதமாக வந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தவர், அன்றைக்கு எடுத்துவிடுவார் என்றுதான் பாய் நினைத்திருந்தார்.

"வேணாம் சார், நான் காத்திருக்கிறேன்" என்றார் இளஞ்செழியன்.

"எதுக்கு?"

"நீங்க வண்டி எடுக்கப் போறீங்களாமே. நீங்க எத எடுக்கிறீங்கன்னு பார்த்துட்டு எடுக்கிறேன். உங்களுக்குப் பொருந்தினா எனக்கும் பொருந்தும் சார்."

அவர் ஒருவர் மட்டுமில்லை. அந்த வாரம் முழுக்க வந்தவர்கள் எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி அதையே சொன்னார்கள். நயினார் எந்த வண்டி எடுக்கிறார்? நயினார் இன்னும் எடுக்கலியா? அப்ப நாங்களும் அப்புறம் வர்றோம். ஏழு நாளில் ஒரு வண்டிகூட வாசலைத் தாண்டவில்லை.

"இன்னா நயினாரே, வியாபாரமே நின்னு போச்சு" என்றார் பாய்.

நிலைமையைச் சரிசெய்ய ஜீவகுமார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இங்க இருக்கிறது எல்லாமே நல்ல வண்டிதாங்க. எனக்குத்தான் எதுவும் ஒத்து வரல."

இதை அவர் சொல்லியிருக்க வேண்டாம். 'பாஷா கடையில நயினாருக்கே ஒத்து வர்ற மாதிரி ஒரு வண்டி இல்லியாம்' என்று சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் பரவிவிட்டது. அடுத்த நாள் அட்வான்ஸ் கொடுத்திருந்த இரண்டு பேர் வந்து திருப்பிக் கேட்டார்கள்.

பாய் நாற்காலியை ஜீவகுமாருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வை தாங்காமல் ஜீவகுமார் வாயில் வந்ததைச் சொன்னார்.

"எங்க முனிவருங்க வண்டி ஏற மாட்டாங்க பாய். எங்க போனாலும் கால்நடைதான். அத மனசுல வச்சு நானும் ஒரு விரதம் எடுத்திருக்கிறேன். வண்டி ஓட்டறதில்லைன்னு."

"தினமும் பஸ்ல வர்றீங்களே?"

"அத டிரைவர்தானே ஓட்டறாரு."

பாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "மொதல்லயே சொல்றதில்லியா? நோன்புன்னா நோன்புதான். நான் போய் உங்கள கட்டாயப்படுத்திட்டேனே." கண்கூடக் கலங்கிவிட்டது. அப்பாடா, தொலைந்தது என்று ஜீவகுமார் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

நல்ல மனுஷர்களிடம் பொய் சொல்லக் கூடாது. அவர்கள் அத்தோடு விட மாட்டார்கள். வண்டி தர முடியாவிட்டால் வீட்டுக்காவது ஏதாவது செய்யலாம் என்று பாய் சாயங்காலம் செங்கம் ரோடில், ரமணாசிரமத்தைத் தாண்டி இருக்கிற ஜீவகுமாரின் வாடகை வீட்டுக்குப் பழம், ஸ்வீட்டோடு போய்விட்டார்.

"அவரு விரதத்தக் கெடுக்கப் பார்த்தேம்மா, மன்னிச்சுக்கோ" என்றார் ராஜமதியிடம்.

"என்ன விரதம்?" என்றாள் ராஜமதி.

பாய் விளக்கினார். ராஜமதி பழத்தட்டைக் கீழே வைத்தாள். ஜீவகுமார் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மறுபடி மாட்டிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தார்.

"இருட்டினப்புறம் சாப்பிடக் கூடாதுன்னு ஒரு விரதம். அதையே ஒழுங்கா இருக்கத் துப்பில்ல. பஸ் ஸ்டாண்ட்ல நின்னு பரோட்டா தின்னுட்டு வர்ற மனுஷன், இதுல வண்டி விரதம் வேற! பாய், நீங்க சாவியக் குடுங்க. அவரு ஓட்டுவாரு. கல்யாணமாகி பத்தொன்பது வருஷமா டவுன் பஸ்ல நின்னுக்கிட்டே போறேன் நானு."

"அப்ப விரதம்?" என்றார் பாய்.

"நேத்தோட முடிஞ்சிது" என்றார் ஜீவகுமார் வாசலிலிருந்தே.

மறுநாள் காலையில் அவர் நாற்பது வண்டிகளுக்கும் நடுவில் நடந்து, தனக்குத்தானே மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொண்டார். தினமும் எங்கே? வேங்கிக்கால். பின்னால் யார்? ராஜமதி, கோபமாக. விழுந்தால் தூக்க முடியுமா? இதற்குத்தான் வெகு நேரம் யோசித்தார். கடைசியில் மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய சிவப்பு நூறு சிசியைக் கை காட்டினார். டேங்கில் ஏற்கெனவே இரண்டு நசுங்கல். இன்னும் நாலு சேர்ந்தாலும் யாருக்கும் தெரியாது.

"இதுவா?" என்றார் பாய். "இதுவா?" என்றார்கள் வந்து நின்றவர்கள். ஆனாலும் எடுத்துவிட்டார் என்பதில் எல்லாருக்கும் ஒரு திருப்தி. "உங்களுக்குப் பொருந்துதான்னு பார்த்துட்டுச் சொல்லுங்க சார், அப்புறம் எடுக்கிறேன்" என்று இளஞ்செழியன் இன்னும் பதினைந்து நாள் தவணை வாங்கிக்கொண்டு போனார்.

கடை மெக்கானிக் காசிக்கு அடி அண்ணாமலையில் வீடு. ஜீவகுமார் அவனைத் தனியாக ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். காசி ஆச்சரியமே படவில்லை. அவரைப் பிட்டத்தில் எறும்பு கடித்த மாதிரி நெளிய விடாமல், "காலைல அஞ்சரைக்கு வண்டியோட உங்க வீட்டுக்கு வந்துடறேன் சார்" என்று மட்டும் சொன்னான். நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டார்.

"சார், கிளட்ச் எந்தக் கை?" என்றான் காசி மறுநாள் காலையில்.

"லெஃப்ட்டு. இருநூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சார் ரைட்டப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

மூன்று நாளில் ஆறு தடவை விழுந்தார். தூக்கி நிறுத்த முடிந்தது. தேர்வு சரிதான் என்று முட்டியைத் தடவிக்கொண்டே தன்னைப் பாராட்டிக்கொண்டார். நாலாவது நாள் வண்டி நேராகப் போனது. அதுதான் அடுத்த தொல்லை. நேராகத்தான் போனது. அவருக்கு வண்டியைத் திருப்ப வரவில்லை. யூ டர்ன் என்று நினைத்தாலே கை விறைத்துவிடும், எருக்குழி கண்ணுக்கு முன்னால் வரும்.

பழகுவதற்காக வீட்டிலிருந்து கிளம்பி கிரிவலப் பாதையில் ஏறினால் அடி அண்ணாமலை. அங்கே திரும்பத் தெரியாதவன் என்ன செய்ய முடியும்? நேரே போக வேண்டியதுதான். மலையைச் சுற்றி, குபேர லிங்கம் தாண்டி, டவுனுக்குள் புகுந்து, கோயிலைக் கடந்து, மறுபடி செங்கம் ரோடு பிடித்து வீடு. பதினாலு கிலோமீட்டர். ஜீவகுமார் தினமும் விடியற்காலையில் வேறு வழியில்லாமல் கிரிவலம் வந்தார்.

ஊர் கவனிக்காமல் இருக்குமா? பாதையோரச் சாமியார்கள் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார்கள். ஆசிரமத்து வெள்ளைக்கார அம்மா ஒருத்தி தினமும் நின்று கும்பிட்டாள். பதிலுக்குக் கும்பிட ஒரு கையை எடுத்தபோதுதான் ஏழாவது தடவை விழுந்தார். ஆரணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரியப்பா போன் செய்தார்.

"ஏண்டா, நம்ம ஊரு ஜினாலயத்துக்கு வருஷத்துல ஒரு நாள் வர முடியல. அங்க தினமும் கிரிவலமாமே?"

"அது வேற விஷயம் பெரியப்பா."

"என்னா விஷயம்?"

சொல்ல முடியுமா? பேசாமல் திட்டு வாங்கிக்கொண்டார். உடம்பெல்லாம் வலி. வாய் திறந்தால் பொய் சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் ஆளுக்கொரு பொய். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று தைலம் தேய்த்தபடி ராஜமதியிடம் கேட்டார். "தேவைதான்" என்றாள் அவள்.

பௌர்ணமி அன்று காலையில் அது நினைவில்லாமல் வழக்கம்போலக் கிளம்பிவிட்டார். கிரிவலப் பாதை தொடங்குகிற இடத்தில் தடுப்பு போட்டிருந்தது. உள்ளே ஜனசமுத்திரம்.

"வண்டி உள்ள போகக் கூடாது. திருப்புங்க" என்றார் போலீஸ்காரர்.

"சார், நேரா விட்டீங்கன்னா…"

"எங்க நேரா விடறது, தலைமேலயா? திருப்புய்யா!"

பின்னால் நாலைந்து கார்கள் ஹாரன் அடித்தன. ஜீவகுமார் கண்ணை மூடிக்கொண்டார். ஹேண்டிலை ஒடித்தார். கண்ணைத் திறந்தபோது வண்டி செங்கம் ரோடில் வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. காலே கீழே படவில்லை. சந்தோஷத்தில் அழுகை வந்தது. வீட்டு வாசலில் இன்னும் மூன்று தடவை திருப்பிப் பார்த்தார். திரும்பியது.

அடுத்த நாள் ராஜமதியைப் பின்னால் உட்கார வைத்து, அவள் வேலை செய்கிற இடத்தில் இறக்கிவிட்டு, பஸ்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளி வேங்கிக்காலுக்கு வந்தார். கடை வாசலில் வட்டமடித்து ஸ்டாண்ட் போட்டார். பதினைந்து வருஷமாகத் தொண்டையில் நின்ற பொய் அன்றைக்கு இறங்கியது. இனிமேல் யார் வந்து என்ன கேட்டாலும் பயமில்லை. இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அவர் முழு மனுஷனாக இருந்தார்.

பாய் கை தட்டினார். உள்ளே இளஞ்செழியனும் இன்னும் நாலைந்து பேரும் காத்திருந்தார்கள். ஒருத்தரும் கை தட்டவில்லை.

"நயினார் சார், நல்லா ஓட்டறீங்களே" என்றார் இளஞ்செழியன் மெதுவாக.

"பின்னே!" ஜீவகுமார் சாவியை விரலில் சுழற்றினார். "நீங்க யோசிக்கவே வேணாம், இதே மாடல எடுங்க. இன்னா பிக்கப்பு தெரியுமா? திருப்பினா வெண்ணெய் மாதிரி திரும்புது. மத்ததெல்லாம் வேஸ்ட்டு."

"எங்கம்மாவுக்கு முட்டி மடங்காது சார். சீட்டு கொஞ்சம்…"

"அதெல்லாம் உட்காருவாங்க. எங்க வீட்டம்மா உட்காரல? நான் ஓட்டறேன்ல, எனக்குத் தெரியாதா?"

இளஞ்செழியன் மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். சாவு வீட்டிலிருந்து போகிறவர்களைப் போல யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஜீவகுமாருக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலேயே ஓடி, வாசலில் இளஞ்செழியனின் கையைப் பிடித்தார்.

"ஏன் சார் எல்லாரும் போறீங்க? நான் என்னா தப்பாச் சொல்லிட்டேன்?"

"தப்பா நினைக்காதீங்க சார்" என்றார் இளஞ்செழியன். குரலில் நிஜமான துக்கம் இருந்தது. "வண்டி ஓட்டறவன் எல்லாம் அவனவன் வண்டியத்தான் எடுக்கச் சொல்றான். இந்த ஊர்லயே ஓட்டத் தெரியாத ஒரே ஆளு நீங்கதான்னுதான் சார் இத்தனை வருஷமா எல்லாரும் உங்களத் தேடி வந்தோம்."