தண்டவாளம் இல்லாத ஊரில் முன்னேற்றம்

மரக்காணத்துக்கு ரயில் கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. ஆனாலும் அந்த ஊரில் ஒற்றை ஆளாக நின்று ஒரு முழு ரயில்வேயையே நடத்திக் காட்டியவன் ஒருவன் உண்டு. வேறெந்த ஊரிலும் இப்படி ஒருத்தன் இருந்திருக்க முடியாது என்று உப்பைக் கையில் அள்ளிச் சத்தியம் செய்வேன்.

பெயர் முன்னேற்றம். பெற்றவர்கள் வேறு ஏதோ நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். அது ரேஷன் கார்டோடு சரி. என்னைவிட ஒரு வயது மூத்தவன். மரியாதையாக ‘அவர்’ என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். வயிற்றெரிச்சல் விடமாட்டேன் என்கிறது. ‘அவன்’ என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனம் பக்கத்தில் ஒரு லெவல் கிராசிங்கில் அவன் கேட்கீப்பர். தினமும் பஸ் பிடித்துப் போவான், வருவான். தோளில் ஒரு ஜோல்னாப் பை. அதிலிருந்து பச்சையும் சிவப்புமாக இரண்டு சுருட்டிய கொடிகள் முருங்கைக்காய் மாதிரி எட்டிப் பார்க்கும். கேட்கீப்பர்களுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் ஒரு சம்பளத் தகராறு நெடுங்காலமாக நடந்துகொண்டிருந்தது. இவன் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தத் தகராறுக்கு மீசை முளைத்திருந்தது.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைவான். சென்னையில் இருக்கும் சங்க ஆபீஸுக்குப் போன் போடுவான். பேசி முடித்துக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு அவன் வெளியே வருவதற்காக பெஞ்சில் ஒரு கூட்டம் காத்திருக்கும்.

“இன்னாபா ஆச்சு?”

“பேச்சுவார்த்தையில முன்னேற்றம் தெரியுதாம்.”

நேற்றும் அதையேதான் சொன்னான். இன்றைக்கு மட்டும் என்ன புதிதாக முன்னேற்றம் என்று கேட்டால், அதற்கும் விளக்கம் வைத்திருப்பான்.

“நேத்து நிர்வாகம் நம்ம மனுவ வாங்கவே இல்ல. இன்னிக்கு வாங்கி வெச்சிக்கிட்டாங்க.”

மறுநாள் கேட்டால், “வாங்கி வெச்சத எங்க வெச்சோம்னு தேடறாங்களாம். தேடறாங்கன்னா இன்னா அர்த்தம்? ஆர்வம் வந்திடுச்சுன்னு அர்த்தம்!” என்பான்.

2005-ஆம் வருஷம் மரக்காணத்தில் இந்த வார்த்தை அம்மை மாதிரி பரவியது. பஸ் வழியில் நின்றுவிட்டால் கண்டக்டர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, “முன்னேற்றம் இருக்குது, எல்லாரும் எறங்குங்க” என்றார். கூனிமேட்டில் மீன் வாங்கப் போன இடத்திலும் இவன் சும்மா இருக்கவில்லை. சங்கராமீனுக்கு முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று பேரம் பேசி, கடைசியில் வெறும் பையோடு திரும்பி வந்து, “நல்ல முன்னேற்றம். நாளைக்குத் திரும்பவும் ஒக்காந்து பேசறோம்” என்று அறிவித்தான். மறுநாள் அந்த மீன்காரம்மா, பேச ஆள் வரவில்லையே என்று இவனைத் தேடியதாகக் கேள்வி.

நான் அப்போது ஒரு உப்புக் கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றும் சூப்பர்வைசர். மாதம் பிறந்தால் சம்பளம் கைக்கு வந்துவிடும். தகராறு கிடையாது, பேச்சுவார்த்தை கிடையாது. அதனாலேயே என்னை ஒரு நாய்கூட ‘என்ன ஆச்சு’ என்று கேட்டதில்லை. ஒழுங்காகச் சம்பளம் வாங்குவதைப் போல ருசியில்லாத சங்கதி உலகத்தில் வேறில்லை என்பதை அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

உப்பளத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும் மண்பாதையில் என் லாரிகள் போகும். அதே பாதையைக் குறுக்கே கடந்துதான் உப்புக் கூடை சுமக்கும் பெண்கள் உப்பைக் குவிக்கும் அம்பாரத்துக்குப் போக வேண்டும். லாரி வந்தால் கூடையோடு ஒதுங்கி நிற்பார்கள். அதுதான் வழக்கம். லீவு நாளில் அந்தப் பக்கம் வந்த முன்னேற்றம், பாதையின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டான். லாரி நின்றது. நான் ஓடினேன்.

“ஏம்பா, லோடு வண்டி போவணும். தள்ளு!”

“கூட்ஸ் வண்டின்னா நின்னுதாம்பா போவணும். எக்ஸ்பிரஸ் போவுது பாரு.”

எக்ஸ்பிரஸ் என்றது அந்தப் பெண்களை. அவர்கள் தலையில் கூடையோடு சிரித்துக்கொண்டே வரிசையாகக் கடந்து போனார்கள். கடைசியாகப் போன அம்மா என்னைப் பார்த்து, “நீங்களும்தான் இத்தினி வருசமா இருக்கீங்க சூப்பர்வைசர். ஒரு நாளு எங்களுக்கோசரம் லாரிய நிறுத்தி இருக்கீங்களா?” என்றாள். அன்று முதல் அவர்கள் அவனைக் கண்டால் கூவென்று ரயில் மாதிரி ஊதுவார்கள். என்னைக் கண்டால் வேலையைப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். பூத்தை நடத்தியது வசந்தா. அதுதான் விஷயம்.

வசந்தாவின் அப்பா சின்னதாக ஒரு அளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். செல்போன்கள் வந்து பூத்துகளின் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்த காலம். கம்பெனியில் எனக்கே ஒரு செல்போன் கொடுத்திருந்தார்கள். அதை அணைத்து டிராயரில் பூட்டிவிட்டு, லாரி ஆபீஸுக்குப் பேச நான் தினமும் வசந்தாவின் பூத்துக்குத்தான் போவேன். உள்ளே நின்று, கண்ணாடி அதிர, “பத்து டன்னு ரெடியா இருக்குது! பேச்சுவார்த்தை முடிஞ்சிடுச்சு!” என்றெல்லாம் கத்துவேன். வெளியே வந்தால் வசந்தா பில்லைக் கிழித்து நீட்டி, “சில்லறையா குடுங்க” என்பாள். எங்கள் காதல் முழுக்க முழுக்கச் சில்லறையில்தான் நடந்தது.

அவனுக்கோ அவளே நம்பரைச் சுழற்றிக் கொடுப்பாள். லைன் கிடைக்காவிட்டால் திரும்பத் திரும்பப் போடுவாள். அவன் வெளியே வந்ததும் பெஞ்சுக்காரர்களுக்கு முன்னால் அவளே கேட்பாள், “இன்னிக்கு இன்னா சொன்னாங்க?” அந்தக் கேள்வியில் இருந்த அக்கறையில் கால்வாசி எனக்குக் கிடைத்திருந்தால் உப்பெல்லாம் சர்க்கரையாகி, கம்பெனி நஷ்டத்தில் மூழ்கியிருக்கும்.

ஒரே ஒரு நாள் மட்டும் எனக்குச் சந்தோஷம் கொடுத்தான். வசந்தா அவன் பையைக் காட்டி, “அந்தப் பச்சக் கொடிய எனக்கு ஒரு வாட்டி காட்டேன்” என்று கொஞ்சலாகக் கேட்டாள். இவன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“அது ரயிலுக்கு மட்டும்தான் காட்டணும். ரூலு. ஒரு தபா காட்டிட்டா, கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறையற வரைக்கும் எறக்கவும் கூடாது.”

“நான்கூடக் கேக்கக் கூடாதா?”

“நீ ரயில் இல்லியே.”

வசந்தாவின் முகம் சுருங்கியது. அன்றைக்கு நான் சில்லறையோடு பில்லையும் அவளிடமே விட்டுவிட்டு விசிலடித்தபடி வீட்டுக்குப் போனேன்.

ஆனால் சுருங்கிய முகம் இரண்டே நாளில் விரிந்துவிட்டது. கொடுமை என்னவென்றால், அவளுடைய அப்பாவே பெஞ்சில் எல்லோர் காதும் கேட்க அவனிடம் சொல்லிவிட்டார்.

“தம்பி, ஒன் சம்பள வெவகாரம் முடியட்டும். அது நல்லபடியா முடிஞ்சா கல்யாணத்தப் பத்திப் பேசலாம். இல்லன்னா நான் வேற எடம் பாத்துக்கறேன்.”

வேறு இடம் என்று சொன்னபோது அவர் பார்வை என் மேல் ஒரு நொடி நின்றது. அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டு நான் பல மாதம் வாழ்ந்தேன். தமிழ்நாட்டிலேயே ரயில்வே நிர்வாகத்தின் வெற்றிக்காகக் கோயிலில் தேங்காய் உடைத்த ஒரே ஆசாமி நானாகத்தான் இருப்பேன். நிர்வாகத்துக்கு இப்படி ஒரு விசுவாசி உப்பளத்தில் இருப்பது நிர்வாகத்துக்கே தெரியாது. அவன் தினமும் ‘முன்னேற்றம்’ என்று சொல்லும்போது எனக்கு உள்ளூர நிம்மதியாக இருக்கும். முன்னேறிக்கொண்டே இருந்தால் போதும், போய்ச் சேராமல் இருந்தால் சரி.

ஒரு நாள் சாயங்காலம் அவன் பூத்துக்குள் போய் நெடுநேரம் ரிசீவரைக் காதில் வைத்தபடி பேசாமலே நின்றான். வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமில்லை. பெஞ்சில் வசந்தாவின் அப்பாவும் இருந்தார்.

“இன்னாபா ஆச்சு?”

“முடிஞ்சிடுச்சு” என்றான். அவ்வளவுதான். கொடிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து போய்விட்டான்.

முன்னேற்றம் என்று சொல்லாமல் அவன் கதவைத் திறந்து வந்தது அதுவே முதல் தடவை. பேச்சுவார்த்தை படுத்துவிட்டது என்று பெஞ்சு தீர்ப்புச் சொல்லியது. ஒருத்தர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு துக்க வீட்டிலிருந்து போகிறவர் மாதிரி சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார். வசந்தா பூத்தின் ஷட்டரை இழுத்து மூடினாள். எனக்கு மட்டும் நெஞ்சுக்குள் மேளம் கொட்டியது.

மறுநாள் காலையிலேயே அவள் அப்பா லோடு ஏற்றும் இடத்துக்கு வந்துவிட்டார்.

“தம்பி, வெள்ளிக்கெழம சாயந்தரம் வூட்டாண்ட வந்துட்டுப் போங்களேன்.”

புதுச்சேரிக்குப் போய் இளநீல நிறத்தில் சட்டை எடுத்தேன். முடி வெட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஒரு பெட்டி ஜாங்கிரியோடு அவர்கள் வீட்டுப் படியேறினேன். உள்ளே முன்னேற்றம் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். தினமும் சுழற்றிச் சுழற்றி அந்த நம்பர் வசந்தாவின் விரலுக்கே மனப்பாடம். மனசு கேட்காமல் அவளே சங்க ஆபீஸுக்குப் போன் போட்டிருக்கிறாள். போனை எடுத்தவர், “இன்னாம்மா சொல்ற? கையெழுத்தே ஆயிடுச்சே! கேட்டதுல முக்காவாசி கெடச்சிடுச்சு, நாங்க இங்க ஸ்வீட் சாப்புடறோம்” என்றாராம். தகராறுதான் முடிந்திருக்கிறது. நல்லபடியாக. இதை ஊரில் எல்லோருக்கும் சொன்னவர்கள் எனக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

வசந்தாவின் அப்பா என்னைப் பார்த்துவிட்டு, கூரையைப் பார்த்தார். நான் ஜாங்கிரிப் பெட்டியைப் பார்த்தேன். முன்னேற்றம் எழுந்து ஓடி வந்து, எண்ணெய்க் கையோடு என் புதுச் சட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

“பாத்தீங்களா மாமா! மொத ஆளா வாழ்த்து சொல்ல வந்துட்டான் பாருங்க! தெனம் பூத்தாண்ட நின்னு எனக்கு இன்னா ஆச்சுன்னு கேட்டுட்டுப் போறவன் இவன்தான்!”

பெட்டி கை மாறியது. வேறு வழியில்லாமல் நானும் ஒரு பஜ்ஜி எடுத்துக்கொண்டேன்.

“நல்லபடியா முடிஞ்சதுக்கு ஏம்பா அன்னிக்கு எழவு வுழுந்த மாதிரி மூஞ்சிய வெச்சிருந்தே?” என்று அவனைக் கேட்டேன்.

“முடிஞ்சிடுச்சேப்பா! நாளைலேர்ந்து யாருக்குப் போன் பண்றது? யாரு என்னை இன்னா ஆச்சுன்னு கேப்பாங்க?” என்றான். கண் கலங்கியிருந்தது.

“நான் கேக்கறேன்” என்று உள்ளேயிருந்து வசந்தாவின் குரல் வந்தது. நான் பாதி பஜ்ஜியைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

கல்யாணம் நடந்தது. பூத்தை மூடிவிட்டு இருவரும் திண்டிவனம் பக்கம் குடிபோனார்கள். உப்புக் கூடைப் பெண்கள் மண்டபத்துக்கு வெளியே நின்று ஊதிய ஊதலில் நாதஸ்வரக்காரரே வாசிப்பதை நிறுத்திவிட்டார். நான் பந்தியில் சாம்பார் வாளி தூக்கினேன். வயிறு எரிந்தபடியேதான் பரிமாறினேன், யாரும் குறை சொல்லவில்லை.

அதற்கப்புறம் எனக்குப் பெண் பார்க்கும் படலம். இடையஞ்சாவடியில் பார்த்தோம், பொம்மையார்பாளையத்தில் பார்த்தோம். போன இடமெல்லாம் ‘வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம்’ என்றார்கள். 2006-இல் திண்டிவனத்தைத் தாண்டி ஒரு இடம் வந்தது. அதே இளநீலச் சட்டை. எண்ணெய்க் கறை பாதிதான் போயிருந்தது. மொபெட்டின் முன்னால் ஒரு பெட்டி ஜாங்கிரி. வழியில் கேட் மூடியிருந்தது.

அந்தப் பக்கம் யூனிபாரத்தில் முன்னேற்றம். கையில் பச்சைக் கொடி. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விறைப்பாக நின்றான். ரயில் வந்தது, போனது. கடைசிப் பெட்டி மறைந்த பிறகுதான் கொடியைச் சுருட்டினான், கேட்டைத் திறந்தான். என் சட்டையைப் பார்த்தான், ஜாங்கிரியைப் பார்த்தான். பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டான்.

“இன்னாபா ஆச்சு?”

அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை.

“முன்னேற்றம் தெரியுது” என்றேன்.

தலையாட்டினான். நான் வண்டியைக் கிளப்பித் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். ரூலாவது ஒன்றாவது, பச்சைக் கொடியைப் பிரித்து என் மொபெட்டைப் பார்த்து நீட்டிப் பிடித்தபடி நின்றிருந்தார். வளைவில் திரும்பி நான் மறையும்வரை அவர் அதை இறக்கவே இல்லை.